எழுத்து தெரிகிறது, சேதி தெரியவில்லை!

சிட்லபாக்கத்தில் ஒரு மாலை. பள்ளி விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் வாயிலில் நின்றார். கையிலே மடித்த தாள். முகத்திலே கலக்கம்.

"சார், இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்பு. அந்த அம்மையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்; நாளேடு படிப்பவர். அறிவிப்போ ஆங்கிலத்தில் அல்ல, அழகு தமிழில்! "எழுத்து தெரியுது சார், சேதிதான் தெரியல" என்றார்.

வாங்கிப் படித்தேன். "பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுவதுடன், உரிய ஆவணங்களைக் காலவரையறைக்குள் முன்னிலைப்படுத்தத் தவறும் பட்சத்தில், மேல்நடவடிக்கை தொடரப்படும் என இதன்வழி அறிவுறுத்தப்படுகிறது." பட்டம் பெற்ற நானே இருமுறை படிக்க வேண்டியதாயிற்று. வரி கட்டிய ரசீதைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்பதுதான் அதன் பொருள்! எந்த நாளுக்குள்? தாளின் அடியிலே, பொடி எழுத்திலே, ஒளிந்துகொண்டிருந்தது அந்த நாள். இடையில் இரண்டே நாள்கள்தான் இருந்தன.

எழுதியவர் கொடியவரா? அல்லர். தமக்கு முன்னிருந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருப்பார். அவரோ தமக்கு முன்னவரைப் பார்த்து எழுதியவர். அப்படியாயின், இந்த நடையைப் பெற்றெடுத்தது எது? வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன், நம் ஊருக்கு அருகே ஓடும் இரயில் பாதையைச் சற்றுப் பாருங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பாதையோரத்துக் கைகாட்டி விளக்கு என்ன சொல்கிறது? சிவப்பு எனில் நில்! பச்சை எனில் செல்! "தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது" என்று அது இழுப்பதில்லை. தொலைவிலேயே தெரிகிறது, ஒரே பொருள் தருகிறது, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. ஏன் இத்தனைத் தெளிவு? அங்கே செய்தி பிழைத்தால் பார்ப்பவனுக்கு மட்டுமன்று, அனுப்பியவனுக்கும் கேடு. அலுவலகத் தாள் விளங்காவிட்டாலோ, கெடுபவர் படிப்பவர் மட்டுமே! இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால், வரலாறு எளிதில் விளங்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையோடு பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊராட்சித் தேர்தல் முறை கோயிற்சுவரிலே பொறிக்கப்பட்டது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை நடுவர் ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும்; எல்லாரும் கேட்க உரக்கப் படிக்க வேண்டும். ஓலையை மாற்றிவிடாதிருக்க எத்துணை முன்னெச்சரிக்கை! ஆனால், இந்தத் தெளிவு எவர்க்காக? கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவர்க்காக, வேதம் கற்றவர்க்காக. அவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிவிடக் கூடாதே! அந்த நிலத்திலே ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் குடத்திலே ஓலை இல்லை. சுவர் எல்லார் கண்ணிலும் பட்டது. சொல் சிலருக்கே உரியதாயிருந்தது.

மன்னர்கள் மறைந்தனர், கச்சேரிகள் எழுந்தன. நவாபு காலத்திலிருந்து வந்த பாரசீக, அரபுச் சொற்கள் வருவாய்த் துறையிலே குடியேறின: தாசில்தார், ஜமாபந்தி, தாக்கீது, வசூல். அவற்றின்மேல் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. உழவன் நிலத்தைப் பற்றிய உத்தரவு உழவனுக்கு விளங்காத மொழியிலே! கச்சேரி வாயிலில், மரத்தடியிலே, மனு எழுதித் தருவோர் உட்கார்ந்தனர். வாய் இருந்தும் ஊமையாக்கப்பட்ட மக்களுக்கு, காசு கொடுத்தால் கிடைத்த வாடகை வாய் அது!

இந்நிலையை மாற்ற முற்பட்டோர் பலர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று உழைத்த ஆர். முத்தையா அவர்களுள் ஒருவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறி அலுவலக மேசைகளை ஆண்ட காலத்திலே, 247 எழுத்துடைய தமிழை அந்தச் சிறு பொறிக்குள் அடக்க முடியுமா என ஆராய்ந்தார். அழுத்தினாலும் தாள் நகராத விசைகளைச் சில குறிகளுக்கென அமைத்தார். புள்ளி விழும், தாள் நிற்கும். அடுத்து விழும் எழுத்து அதன் கீழே வந்து பொருந்தும். அலுவலகத்துக்கு ஏற்ற மொழி தமிழன்று என்றோர்க்கு இரும்பாலே விடை தந்தார் அவர்!

எழுத்தின் வடிவத்திலேயே கைவைத்தவர் பெரியார். லை, ளை, ணை, னை, ணா, றா, னா முதலியவற்றுக்கு அந்நாளில் தனித்தனி வடிவங்கள் இருந்தன. கற்கும் குழந்தைக்குச் சுமை. அச்சுக் கோப்போர்க்குக் கூடுதல் அறைகள். 1935-இல் ‘குடி அரசு’ ஏட்டிலேயே சீரமைத்த எழுத்தைக் கையாண்டு காட்டினார். அரசு அதை ஏற்றது எப்போது? அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சென்றபின், 1978 அக்டோபரில்! எளிமைக்கு நாட்டிலே 43 ஆண்டுக் காத்திருப்பு.

1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார். 1967-க்குப் பின், ஸ்ரீ போய்த் திரு வந்தது. வென்றோம், ஐயமில்லை. ஆனால், தோழர்களே, ஒன்றை மறந்தோம். சொல்லை மாற்றினோம், குரலை மாற்றவில்லை! மேடையிலிருந்து கீழே நோக்கிப் பேசிய ஆங்கில ஆணையை, அதே மேடையில் நிறுத்தி, தமிழ் உடை அணிவித்தோம். "தொடரப்படும்", "ஈர்க்கப்படும்" என்கிறோம். தொடர்பவர் யார், ஈர்ப்பவர் யார் என்பதைச் சொல்லாமல் மறைக்கும் நடையன்றோ அது!

எளிமையாகச் சொல்ல அரசுகளுக்கு இயலாதா? இயலும். 1951 மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. 1951-52 பொதுத்தேர்தலில் அந்த மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்து, பெட்டியின்மீது ஒரு சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்தறியாத உழவனும் தான் விரும்பிய பெட்டியிலே சீட்டைப் போட்டான். மக்களின் மறுமொழி தேவைப்பட்ட நாளில் படம் காட்டத் தெரிந்தது. ரசீது கேட்கும் நாளில் நாளைப் பெரிதாக எழுதத் தெரியவில்லை! குறை மக்களின் கல்வியிலா? இல்லை, எழுதுவோரின் அக்கறையில்!

இளைஞர்களே! நாளை உங்களுள் பலர் அலுவலக மேசையின் அந்தப் பக்கத்தில் அமரப் போகிறீர்கள். மருத்துவமனையிலே பலகை எழுதுவீர்கள். தொழிற்சாலையிலே எச்சரிக்கை ஒட்டுவீர்கள். மக்களுக்குக் கடிதம் அனுப்புவீர்கள். அன்று, யார், எதை, எந்த நாளுக்குள், எங்கே செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதை முதல் வரிகளிலேயே எழுதுங்கள். நாளைப் பெரிய எழுத்தில் போடுங்கள். படம் பேசும் இடத்தில் படம் போடுங்கள். அனுப்புமுன், அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்காவிட்டால், திருத்த வேண்டியது அவரையன்று, தாளை!

அந்த அம்மையாரின் தாளுக்குப் பின்புறம், இரண்டே வரியில், செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். படித்தார், முகம் தெளிந்தது. "இதைத்தான் சொல்லியிருக்காங்களா சார்? இதை இப்படியே எழுதியிருக்கலாமே!" என்றார்.

எழுதியிருக்கலாம். இனி எழுதப் போகிறவர்கள் நீங்கள்!