வீராணம் ஏரி மீன்வளம்

வீராணம் ஏரி காவிரிப் பாசனப் பகுதியின் வடகோடியில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டி உள்ளது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், இளவரசன் இராஜாதித்தன் இதை அமைத்தான் என்பது மரபு. பழைய பெயர் வீரநாராயணன் ஏரி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இதனால் பாசனம் பெறுகிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் போகிறது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயலையும் குடிநீரையும் பார்த்துத்தான், மீனைப் பார்த்து அல்ல. மீனை எண்ணுவதானாலும் காப்பதானாலும் இந்த நீர்க்கணக்குக்குள்ளேயே செய்தாக வேண்டும்.

மீன்கள்

ஆற்றுநீரோடு கெண்டை, கெளுத்தி, வாளை வருகின்றன. விராலும் குறவையும் ஏரிக்கே உரியவை. காற்றையும் சுவாசிக்க வல்லவை என்பதால் நீர் வற்றினாலும் ஈரச்சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய வடநாட்டுக் கெண்டைகள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957இல் கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரியும் அலிக்குஞ்சுவும் ஊசிமருந்து செலுத்தி இவ்வினக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகே, ஏரிகளில் விடத் தேவையான அளவுக்குக் குஞ்சு உற்பத்தி செய்ய வழி பிறந்தது. ஜிலேபி மீன் 1952இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை. வாயில் முட்டையை அடைகாத்து அதுவே பெருகி, மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

கணக்கெடுப்பு

தண்ணீருக்குள் இருப்பதை நேரே எண்ண முடியாது. டென்மார்க் ஆய்வாளர் பீட்டர்சன் பெயரால் வழங்கும் முறையில், பிடித்த மீனின் துடுப்பில் சிறு நறுக்குக் குறி இட்டு மீண்டும் நீரில் விடுகிறார்கள். 200 மீனுக்குக் குறியிட்டதாகக் கொள்வோம். சில நாள் கழித்துப் பிடித்த 150 மீனில் 10 குறியுள்ளவை என்றால், இருப்பு 200ஐ 150ஆல் பெருக்கி 10ஆல் வகுத்த 3,000. ஆனால் வடவாற்றில் புதுமீன் நுழைந்துகொண்டும், குறியிட்ட மீன் மடைவழி வாய்க்காலுக்கு வெளியேறிக்கொண்டும் இருக்கும்போது இந்தக் கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறார்கள். மூடியபின் வரத்தும் போக்கும் அடங்கும் வாரங்களே டெல்டா ஏரிகளில் குறியிட்டு எண்ண ஏற்றவை.

இதைவிட எளியது, பல அளவுக் கண்ணுள்ள தங்கூசி வலைகளை ஒரே இடத்தில் ஓரிரவு கட்டி, ஒரு வலைக்கு எத்தனை கிலோ விழுந்தது என்று மாதாமாதம் எழுதுவது. இதிலும் ஒரு பொறி உண்டு. பங்குனி, சித்திரையில் நீர் சுருங்கும்போது மீன் நெருங்கி நிற்கிறது, பாடு கூடுகிறது. எடையை மட்டும் பார்ப்பவருக்கு மீன் பெருகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இருப்பு குறைந்திருக்கும். அதனால் எடையோடு அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதாத ஏட்டால் பயன் இல்லை. மீனின் நீளத்தையும் அளக்க வேண்டும். குளிர்நாடுகளில் செதிளின் வளையத்தை எண்ணி வயது சொல்வார்கள். நம் வெப்பத்தில் வளையம் அத்தனை தெளிவாக விழுவதில்லை. இங்கே நீளம்தான் வயதைக் காட்டும்.

பராமரிப்பு

விரலளவுக்கும் சிறிய குஞ்சை விட்டால் அது வாளைக்கும் விராலுக்கும் இரையாகும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்ததை, நீர் நிரம்பிவரும் காலத்தில் விடுவதே முறை. பொள்ளாச்சி அருகே ஆழியாறு அணையில் 1980களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பெரிய குஞ்சுகளை அளவோடு விட்டு, ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டைகளைப் பிடிக்காமல் தடுத்தது. ஹெக்டேருக்கு 27 கிலோ அளவில் இருந்த மகசூல் 194 கிலோவை எட்டியது. டெல்டா ஊர்களின் ஏரி, குளங்களில் இதற்குக் குறுக்கே நிற்பது குறுகிய கால மீன்பாசிக் குத்தகை. அடுத்த ஆண்டு ஏலம் யாருக்குப் போகுமோ என்றிருக்கும் குத்தகைதாரர் சிறு கண் வலையை இழுப்பதில் வியப்பில்லை. குத்தகைக் காலத்தை நீட்டாமல் வலைக்கண்ணைப் பற்றி மட்டும் விதி போடுவது அவருக்கு நியாயமாகாது.

விராலுக்குக் குஞ்சு வாங்கி விட வேண்டிய அவசியமில்லை, தாயைப் பிடிக்காமல் இருந்தால் போதும். கரையோரப் புல்லிடையே செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து, உலைநீர் கொதிப்பதுபோல் மூச்சு வாங்கி இறங்கும். அதற்குச் சற்றுக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கொதிப்பைப் பார்த்துத் தூண்டில் போடுவது மிக எளிது. பெற்றவை போனால் அன்றைக்கே கெளுத்தியும் கொக்கும் திரளைத் தின்றுவிடும்.

வலைக்கண்ணும் குத்தகையும் சரிசெய்யக்கூடியவை. அணைக்கட்டு செய்தது அப்படியல்ல. 1836இல் கீழணை எழுந்தபின், கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி முட்டையிட்டு வந்த உல்லம் மீன் அங்கேயே தடைபட்டது. 1907இல் தொடங்கிய சென்னை மாகாண மீன்வளத் துறையின் எச். சி. வில்சன், கீழணையருகே உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்க முயன்றார். மீன் ஏணியும் அமைத்துப் பார்த்தார்கள், உல்லம் அதில் ஏறவில்லை. 1934இல் மேட்டூர் அணை ஆற்றின் வெள்ளத்தையும் தடுத்தபின் கொள்ளிடத்தில் உல்லத்தின் வரத்து அருகிப்போனது.