நான் அழித்த ஸ்ரீரங்கம்



லினக்ஸ் என்றால் என்ன தாத்தா என்று பேரன் கேட்டான். பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 'மட்' என்ற கணினி விளையாட்டைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கு' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அடுத்த இடத்தின் வர்ணனை திரையில் வரும். வேறு கணினியில் விளையாடுபவரும் அங்கே நிற்பார். பேசலாம், சண்டை போடலாம்.

நம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த 1987-ல், வேல்ஸில் படித்த ஆலன் காக்ஸ் 'அபர்மட்' எழுதினார். பிறகு ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் அவரே லினக்ஸை நெரிசலான நெட்வொர்க்கில் ஓட்டினார். பிழைகள் வெளிவந்தன, மூலநிரல் திறந்தே கிடந்ததால் திருத்தினார். லினக்ஸை உருவாக்கியவர்களில் முக்கியமானவரானார்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் லேப் லினக்ஸ் சர்வரில் ஒரு மாணவன் மட் ஏற்றியிருந்தான். அம்மா மண்டபத்தில் தொடங்கி வடக்கே ராஜகோபுரம், அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்தர வீதி என்று ஒவ்வொன்றுக்கும் வர்ணனை எழுதியிருந்தான். படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று சத்தம் போட்டேன். என் கண்ணெதிரே அழிக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அழித்தான்.

தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. ஃபிளாப்பியில் நகல் இருந்தால் அனுப்பு. அம்மா மண்டபத்திலிருந்து ஒருமுறை நடந்து பார்க்கிறேன்.