மலையகத் தோட்டங்களில் உணவு மாறிய வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களாலும் போர் நடந்த ஆண்டுகளாலும் எழுதுதல் பெருவழக்கு. மக்களின் உலையில் என்ன கொதித்தது என்பதை எழுதப் புகுவார் மிகச் சிலரே. ஆயினும், ஒரு சமுதாயம் நிமிர்ந்து நின்றதா, கூனி நடந்ததா என்பதை அறிவதற்கு அதன் உண்கலத்தை நோக்குவதே நேர்வழியாகும். திருக்குறளில் 'மருந்து' எனப் பெயர் பெற்ற அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைக் கூறாது, உணவின் அளவையும் காலத்தையுமே கூறுதல் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் உணவு, அவர்கள் அம்மலைகளுக்கு வந்த காலந்தொட்டு இருமுறை அடியோடு மாறியிருக்கின்றது. அவ்விரு மாற்றங்களுள் ஒன்றேனும் அம்மக்கள் தாமே ஆராய்ந்து தெரிந்தெடுத்தது அன்று. முதலாவது கூலி முறையால் வந்தது. இரண்டாவது உலகப் போரால் வந்தது. மூன்றாவதாக ஒரு மாற்றம் இன்று வேண்டப்படுகின்றது. அதன் தன்மையை உணர்வதற்கு முன்னைய இரண்டின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

தோட்டங்களுக்கு வந்தோருட் பெரும்பாலார் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர். அவற்றுள் ஆற்றுப் பாய்ச்சல் பெற்ற ஊர்கள் சில; வானம் பார்த்த பூமியே பல. அப்பூமியில் விளைந்தவை கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை, சோளம் என்பன. ஏழை உழவனின் அன்றாட உணவு கூழும் களியுமே. நெற்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரியதாய், செல்வத்தின் அடையாளமாய் விளங்கிற்று. ஆயினும், தவிடு நீங்காத அச்சிறுதானியங்களில் இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும் நிறைந்திருந்தன. புன்செய் வரப்பில் முளைத்த கீரையும், ஊடுபயிராய் நின்ற துவரையும் மொச்சையும் அவற்றுக்குத் துணை செய்தன. இதனைக் கொண்டு அவ்வாழ்வைப் பொற்காலம் எனக் கருதுதல் தவறு. மழை பொய்த்த ஆண்டில் அக்கூழும் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம் பல்லாயிரவரைக் கடல் கடக்கச் செய்தது.

கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர்ச்செய்கை 1820-களிற் கம்பளைக்கு அண்மையில் தொடங்கிற்று. அக்காலத்திற் கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து மலையேறினர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தோர் பலர். வந்து சேர்ந்த இடமோ வெட்டித் திருத்தப்பட்ட காடு. அங்கே சந்தையும் இல்லை, விளைநிலமும் இல்லை. ஆகவே தோட்டத்துரைமார் இந்தியாவிலிருந்து அரிசியைத் தருவித்துத் தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக் கொண்டனர். ஊரில் பண்டிகைக்கு மட்டும் உண்ட சோறு மலையில் நாள்தோறும் கிடைத்தது. இஃது ஏற்றமாகவே தோன்றிற்று. ஆனால், சோற்றோடு வந்திருக்க வேண்டிய பருப்பும் கீரையும் மோரும் உடன் வரவில்லை. அவற்றை வாங்கக் கையிற் காசும் இல்லை. விளைவிக்கக் காணியும் இல்லை. முதலாவது மாற்றம் இதுவே.

1869-இற் கோப்பி இலைகளிற் கண்ட ஒருவகைப் பூஞ்சண நோய் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்தது. 1867-இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் நாட்டியிருந்த தேயிலை அதன் இடத்தைக் கைப்பற்றிற்று. கோப்பிக்குப் பருவகாலக் கூலி போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்வார் வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. பெண்டிர் பொழுது புலருமுன் பிரட்டுக்களத்திற் கூடி, பகல் முழுதும் மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து கொய்தனர். வீட்டுச் சமையல் அவர்கள் விழித்திருந்த சிறுபொழுதிற்குள் அடங்க வேண்டியதாயிற்று. தோட்டத்து உணவு வழக்கத்தை ஆராய்வோர் இந்த நேரக் குறைவை மறத்தல் ஆகாது.

இத்தனை குறைகளுக்கிடையே ஒரு நன்மையும் இருந்தது. தமிழ்த் தொழிலாளர் விரும்பி உண்டது புழுங்கலரிசி. நெல்லை உமியோடு அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியினுள்ளே ஊறிவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முற்றும் நீங்குவதில்லை. இந்த உண்மை முதலில் தெளிவாய் வெளிப்பட்டது மலாயாவிலேயாம். அங்கே பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயாற் கைகால் சோர்ந்து இறக்க, அருகிலேயே உழைத்த தமிழர் அந்நோயின்றி இருந்தனர். பிறட்டன், பிளெச்சர், பிறேசர், ஸ்ரான்ரன் முதலிய மருத்துவர்கள் 1905-ஆம் ஆண்டை அடுத்து இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, நோயின் காரணம் அரிசியிலேயே உள்ளதென்று காட்டினர். எழுத்தறியாத தமிழ்ப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாய் நெல்லவித்து வந்த வழக்கமே உலக மருத்துவ அறிவுக்கு ஒரு சான்றாய் நின்றது. பழைய வழக்கமெல்லாம் மூடவழக்கம் என்பார்க்கு இது தக்க விடையாகும்.

ஆயினும் பெரிபெரியிலிருந்து காத்த சோறு இரத்தச் சோகையிலிருந்து காக்கவில்லை. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடந்த தொழிலாளரின் தோலைத் துளைத்து உட்புகுந்த கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சிற்று. றொக்பெல்லர் நிறுவகத்தின் துணையுடன் 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கிற்று. மருந்து புழுவை வெளியேற்றிற்று. ஆனால் இழந்த இரத்தத்தை மீட்கும் இரும்புச் சத்து உண்கலத்தில் இல்லையேல் உடல் எங்ஙனம் தேறும்? மலசலகூடமும் காலணியும் ஒருபுறமும், கீரையும் பருப்பும் மறுபுறமும் சேர்ந்தாலன்றி அந்நோய் அகலாது என்பது அனுபவத்தாற் புலனாயிற்று.

அக்காலத்திலேயே மற்றொரு தேயிலை மலையில், நீலகிரியின் குன்னூரில், றொபேட் மக்கரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சி நடத்தி வந்தார். 1920-களில் அவர் எலிக் கூட்டங்களுக்கு இந்தியாவின் வெவ்வேறு மக்களின் உணவை ஊட்டிப் பார்த்தார். முழுக்கோதுமை மாவும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காய், பாலும் காய்கறியும் அருகிய தென்னாட்டு உணவை உண்டவை கடைநிலையில் நின்றன. குறை இனத்தில் இல்லை, உணவிலேயே உள்ளது என்பதே அவ்வாய்வு புகட்டிய பாடம். தோட்டத் தொழிலாளரின் மெலிவைப் பிறவிக் குணம் என்று கருதியோரின் கொள்கை அதனால் தகர்ந்தது.

கூலியும் கடனும் உணவோடு பிணைந்திருந்தன. 'துண்டு' என்னும் கடன்சீட்டு முறை தொழிலாளரைக் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் அடிமைப்படுத்திற்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1921-இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927-இல் இயற்றப்பட்ட குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆடவருக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்டிருக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் வகுக்கப்பட்டன. சம்பளத்தோடு அரிசியின் உச்சவிலையும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டமை நோக்கத்தக்கது. சட்டம் செய்தோரும் தொழிலாளர் உணவு என்றால் அரிசி என்றே எண்ணினர்.

இரண்டாவது மாற்றம் 1942-இல் வந்தது. யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றவே, இலங்கைக்கு வந்த பர்மா அரிசி அடியோடு நின்றது. அரசாங்கம் பங்கீட்டு முறையை வகுத்து, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவை வழங்கிற்று. முன்பின் அறியாத அம்மாவைத் தோட்டப் பெண்டிர் பிசைந்து தட்டி ரொட்டியாக்கினர். போர் முடிந்தும் ரொட்டி போகவில்லை. அது விரைவிற் சுடப்படும். பழைய துணியிற் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம். குளிரில் வயிற்றை நெடுநேரம் நிறைக்கும். ஒரு துண்டு சம்பல் இருந்தாற் போதும். நேரமின்மையும் பொருளின்மையும் கூடி ரொட்டியைத் தோட்டத்தின் தேசிய உணவாக்கின. குன்னூரில் எலிகளை வளர்த்த கோதுமை தவிட்டோடு கூடியது. தோட்டத்துக்கு வந்ததோ தவிடு நீங்கிய வெண்மா. புழுங்கலரிசி காத்துத் தந்த சத்தும் இதனாற் குறைந்தது.

பிறர் தரும் உணவை மட்டும் நம்பி வாழ்வதன் கேடு 1973, 1974-ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையிற் தானிய விலை ஏறியது, பங்கீடு குறைந்தது, மாவின் விலை பன்மடங்காயிற்று. கிராமத்தார் தம் காணியில் மரவள்ளியும் வற்றாளையும் நட்டு ஒருவாறு உயிர் பிழைத்தனர். லயத்தார்க்கு நடுவதற்கு ஒரு சாண் நிலமும் இல்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலார் நாடற்றவராயிருந்தமையின், அவர்களுக்காக வாக்குக் கேட்டு வருவாரும் இல்லை. நாட்டின் ஏனைப் பகுதிகளிலும் மிகுதியாகத் தோட்டங்களில் இறப்பு விகிதம் உயர்ந்தது. உணவும் காணியும் குடியுரிமையும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பதை அவ்விரண்டு ஆண்டுகள் காட்டின.

இதில் ஒரு முரண் உண்டு. நுவரெலியா இலங்கையின் மரக்கறிக் களஞ்சியம். 1848-இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அங்கே குடியேற்றம் ஒன்றை நிறுவி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட முயன்றார். பின்னர் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், உருளைக்கிழங்கு என்பன அப்பள்ளத்தாக்குகளிற் செழித்தன. அவை மூடை மூடையாய்க் கொழும்புக்கு இறங்கும் பாதையின் இருமருங்கிலும் உள்ள லயங்களில் ரொட்டியும் சம்பலுமே உணவாயிருந்தன. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த நாடளாவிய மதிப்பீட்டின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர். 2016-இல் அத்தொகை 32 ஆகக் குறைந்தது. அவ்வாண்டில் நாட்டின் பொதுத்தொகை 17. இடைவெளி பெரிது, எனினும் பத்தாண்டுகளுக்குள் அது குறுகியமை நம்பிக்கை தருவது.

இனி வேண்டப்படும் மூன்றாவது மாற்றம் யாது? அது புதுவகை உணவு எதனையும் புகுத்துதல் அன்று. இழந்ததை மீட்டலும், இருப்பதைச் சேர்த்தலுமே. ரொட்டிக்கு வெண்மாவுடன் குரக்கன் மாவைக் கலந்தாற் பாட்டன்மார் உண்ட கேழ்வரகு மீளக் கிடைக்கும். சம்பலோடு ஒரு பிடி பருப்புச் சேரின், தானியத்தின் புரதக் குறையைப் பருப்பு நிறைவு செய்யும். வல்லாரை, பொன்னாங்காணி முதலியன நீரோடையோரத்திற் கிடைப்பவை. அவற்றோடு தேசிக்காய்ப் புளி சேரின் அவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கரட்டைத் தேங்காய்ப் பாலிற் சமைத்தால் கண்ணுக்கு வேண்டிய சத்து நன்கு உடலிற் சேரும். முள்ளோடு உண்ணப்படும் நெத்தலிக் கருவாடு எலும்புக்கு உரமாகும். தேயிலை விளைக்கும் மக்கள் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. ஒரு மணி நேரம் கழித்து அருந்தின் அத்தீமை பெரிதும் இல்லை. இதற்கு ஒரு சதமும் செலவாகாது.

இத்தகைய மாற்றத்தின் பயன் பல்லாண்டு கழித்து வருவதன்று, நாள்தோறும் உணரத்தக்கது. இரத்தம் ஊறிய உடல் மலையேறும்போது முன்போல் மூச்சு வாங்காது; பிற்பகலிற் கண் இருளாது; கொழுந்துக் கூடையின் பாரம் முதுகில் முன்போல் அழுத்தாது. காலையில் சத்துள்ள உணவுண்ட சிறுவன் பள்ளியில் உறங்கி வழியாது பாடத்திற் செவி கொடுப்பான். தாயின் உடல் தேறின் பிறக்கும் குழவியின் நிறையும் ஏறும். அக்குழவியின் வளர்ச்சி அடுத்த தலைமுறையின் வளர்ச்சியாகும்.

ஆயினும், இவற்றையெல்லாம் தொழிலாளருக்கு உபதேசித்து அமைதல் நேர்மையாகாது. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, தோட்டத்து அடுப்புகள் மீண்டும் நடுங்கின. நல்லுணவை அறியாமையால் மட்டும் அம்மக்கள் அதனை இழந்தாரல்லர். கூலியும் காணியும் நேரமும் மறுக்கப்பட்டமையாலேயே பெரிதும் இழந்தனர். லயத்தின் முன்னே கீரைப் பாத்தி ஒன்றுக்கு இடமும், அடுப்பருகே நின்று சமைக்க ஒரு நாழிகை ஓய்வும், பருப்பு வாங்கப் போதிய சம்பளமும் அவர்களுக்கு உரியன. அவை கிடைக்குமாயின், மலையகத்து உணவின் மூன்றாவது மாற்றம் கப்பலில் வந்த மூடையாலும் போர்க்காலக் கூப்பனாலும் ஆனதாய் இராது. அம்மக்கள் தம் கையால் நட்டு, தம் அறிவால் தெரிந்து, தம் பிள்ளைகளுக்குப் பரிமாறிய முதல் மாற்றமாய் அது வரலாற்றில் நிற்கும்.