ரைபோசோம் படமும் அச்சுத்தரமும்

1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோமின் 30எஸ் துணையலகின் அணு அமைப்பை அவரது குழு 2000இல் வெளியிட்டது. ரைபோசோம் ஆய்வுக்காக அவர் 2009இல் வேதியியல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

எக்ஸ்-கதிர் ஆய்வின் முடிவு படமன்று, அணுக்களின் ஆயத்தொலைவுகள். அவற்றைப் படமாக்குவது மென்பொருள். அதே 2000இல் வாரன் டிலானோ பைமால் மென்பொருளை வெளியிட்டார்.

திரையை அப்படியே படம்பிடித்தால் அச்சில் மங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால், 17 செ.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 2000 படப்புள்ளிகள் தேவை. பைமாலின் 'ரே' கட்டளை, கேட்ட அளவிலேயே நிழலுடன் புதிதாக வரையும். அதைப் பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கலாம்.

ஆனால் படம் கூர்மையானால் தரவு கூர்மையாகிவிடாது. 30எஸ் அமைப்பின் பிரிதிறன் ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம். எத்தனை புள்ளிகளில் வரைந்தாலும் அது மாறாது. ஆயத்தொலைவுகள் புரதத் தரவு வங்கியில் அனைவருக்கும் கிடைப்பதால், எந்த மாணவரும் படத்தைத் தாமே வரைந்து சரிபார்க்கலாம்.