தனித்த இல்லத்தின் சிறு துணை

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கு அண்மையிலுள்ள ஒரு தெருவில், மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்கிறார். கணவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. மக்கள் இருவரும் வளைகுடா நாடுகளில் பொருளீட்டுகின்றனர். மாதந்தோறும் பணம் வருகிறது. வெள்ளிதோறும் தொலைபேசியில் குரல் வருகிறது. ஆள் வருவதுதான் அரிது. அண்மையில் அவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், மழைக்கு ஒதுங்கிய பூனைக்குட்டி ஒன்று என் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒளுவுக்கு வைத்திருந்த தண்ணீரில் வாய் வைத்துவிட்டது. அந்தத் தண்ணீர் ஆகுமா? அதை வைத்துக்கொள்ளலாமா, விரட்டிவிட வேண்டுமா? அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்."

தண்ணீரைப் பற்றிய கேள்விக்குச் சில வரிகளில் விடை கூறிவிடலாம். வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தே விடை கூறவேண்டும்.

நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். மாமல்லபுரத்தில், ஏறத்தாழ நூறடி நீளமுள்ள பாறையில், பல்லவர் காலச் சிற்பிகள் ஓர் உலகத்தையே செதுக்கி வைத்துள்ளனர். அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் வேறு சிலர். அங்கே பெரிய யானைகளுக்கு அருகில், பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் புரிகிறது ஒரு பூனை. அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. 'உருத்திராட்சப் பூனை' என்று நாம் வழக்கில் கூறும் போலித் துறவியின் உருவம் அது. ஆயினும் அச்சிற்பம் நமக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. பூனையின் ஒட்டிய வயிற்றையும் நிமிர்ந்த முதுகையும் அவ்வளவு நுட்பமாக வடித்தவன், அதனை அருகிருந்து பார்த்துப் பழகியவனாகவே இருத்தல் வேண்டும். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனத் துறைகள் வரிசையாக அமைந்த கரை இது. துறை இருந்த இடத்தில் பண்டகசாலை இருந்தது. பண்டகசாலையில் தானியம் இருந்தது. தானியம் உள்ள இடத்திற்கு எலியும், எலியைத் தேடிப் பூனையும் வருவது இயல்பு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பூனை இக்கரையில் மனிதனுக்கு அண்டைவீட்டுக்காரனாகிவிட்டது.

உலக வரலாற்றில் இவ்வுறவு இன்னும் தொன்மையானது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில், மனிதன் ஒருவனுக்கு அருகிலேயே பூனை ஒன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் உலகிற்கு அறிவித்தனர். எலி பிடிக்கும் பயனுக்காக மட்டும் வைத்திருந்த பிராணியை எவரும் தம்மருகே அடக்கம் செய்யமாட்டார்.

இனி நம் மார்க்க வரலாற்றுக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாய்மொழிகளை மிகுதியாக அறிவித்த தோழர் யார்? அபூ ஹுரைரா (ரலி). ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபர் நிகழ்ச்சியை ஒட்டி மதீனா வந்து சேர்ந்தவர், திண்ணைத் தோழர்களுள் ஒருவர், தவ்ஸ் குலத்தவர். 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பொருள்படும் இப்பெயர் தமக்கு வந்த காரணத்தை அவரே கூறியதாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அவர் தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்தார். அவரிடம் ஒரு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதனை ஒரு மரத்தில் விட்டுவைப்பார். பகலில் உடன் அழைத்துச் சென்று விளையாடுவார். மேய்ச்சல் வெளியில் பேச்சுத்துணையற்ற ஒருவருக்கு அக்குட்டியே துணை. அப்பெயரை இழிவென்று எவரும் மாற்றவில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களின் தொடக்கத்தில் அது நிலைத்துவிட்டது.

தண்ணீர்ப் பிரச்சினையும் புதியதன்று. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதற்காக மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். பூனையொன்று வந்தது. அவர் பாத்திரத்தையே சாய்த்து அதனைக் குடிக்கச் செய்தார். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என நபியவர்கள் நவின்றதை எடுத்துரைத்தார். இமாம் மாலிக்கின் முவத்தா முதலிய நூல்கள் இதனைப் பதிவு செய்துள்ளன. ஷாஃபி மத்ஹபில் பூனை வாய் வைத்த தண்ணீர் தூய்மையானதே. ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கையில் அதனைப் பயன்படுத்துவது விரும்பத்தகாதது. எனினும் அது அசுத்தமாகிவிடுவதில்லை. எலியைக் கடித்த குருதி வாயில் இருக்கக் கண்டால் மட்டும் சட்டம் வேறு.

அனஸ் (ரலி) அவர்களின் இளவல் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடினார். அது இறந்தபோது, குழந்தை துயருற்றிருப்பதைக் கண்ட நபியவர்கள், அக்குருவி என்னாயிற்று என்று பரிவோடு வினவினார்கள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபி அறிஞர் இப்னுல் காஸ், இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது படிப்பினைகளைத் திரட்டித் தனி நூலே இயற்றினார். வளர்த்த உயிர் மறைந்தால் வருந்துவது சிறுபிள்ளைத்தனம் என்று நகைப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தனித்து வாழ்ந்த அறிஞர் ஒருவரின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. எகிப்து நாட்டு இலக்கண மேதை இப்னு பாபஷாத், அரசாங்க மடல்களில் பிழை திருத்தும் பணியில் இருந்தவர். ஒருநாள் பள்ளிவாசல் மேல்தளத்தில் நண்பர்களுடன் உணவருந்துகையில் ஒரு பூனை வந்தது. போட்ட கவளத்தைத் தின்னாமல் கவ்விக்கொண்டு சென்றது, மீண்டும் வந்தது, மீண்டும் சென்றது. பின்தொடர்ந்து சென்று பார்த்தால், பாழடைந்த இடமொன்றில் கண்ணிழந்த மற்றொரு பூனைக்கு அது உணவளித்துக்கொண்டிருந்தது. அக்காட்சி அவரை உலுக்கிவிட்டது. இப்பிராணிக்கு இவ்வாறு உணவளிப்பவன் நம்மைக் கைவிடுவானா என்று எண்ணிப் பதவியைத் துறந்தார். ஹிஜ்ரி 469இல் மறையும்வரை அம்ரு பள்ளிவாசலின் ஓர் அறையிலேயே காலங்கழித்தார். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இதனை எழுதி வைத்துள்ளார்.

ஆயினும் துணை தேடுவோர் மறக்கலாகாத ஒன்றுண்டு. நமக்குத் துணையாகும் உயிர் நம்மால் துன்புறலாகாது. பூனையை அடைத்து வைத்து, உணவும் அளியாது, இரைதேட விடவும் செய்யாது சாகடித்த பெண்ணைப் பற்றிய எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' இருப்பதை நம்மவர் அறிவர். வேடன் கையில் சிக்கிய மானுக்கும் பாலுக்கு ஏங்கும் கன்று உண்டு என்பதே அப்படலத்தின் உயிர்நாடி.

பச்சைக்கிளியைக் கூட்டிலடைப்பதை நாம் இவ்வாறே எடை போடவேண்டும். முன்பு பல இல்லங்களின் திண்ணையில் கிளிக்கூடு தொங்கியதுண்டு. இன்று, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் கிளி, மைனா முதலிய நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பதைக் குற்றமாக்கியுள்ளன. பறவையோடு உறவாடக் கூடு தேவையில்லை என்பதற்கு இம்மாவட்டத்து வேடந்தாங்கலே சான்று. ஏரிப் பறவைகளைச் சுடவேண்டாம் என்று ஊரார் முறையிட, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கினார். 1936இல் அது அரசு ஏற்ற சரணாலயமாயிற்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. முற்றத்தில் ஒரு சட்டி நீரும் ஒரு பிடி அரிசியும் வைப்பவருக்குச் சிட்டும் காகமும் தாமே விருந்தாய் வரும்.

அம்மூதாட்டிக்கு நாம் விடை கூறினோம்: "உம்மா, தண்ணீருக்குக் குறையில்லை. குட்டியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். இரவில் காலடியில் படுத்திருக்கும். விளக்கின்றி நடந்து தடுக்கி விழுந்துவிடாதீர்கள். நீங்கள் ஊருக்குச் சென்றால் அதற்குச் சோறிட ஒருவரை இப்போதே சொல்லி வையுங்கள்."

அவர் முகம் மலர்ந்தது. ஃபஜ்ருக்கு எழுந்ததும் தம் குரலைக் கேட்க இப்போது வீட்டில் ஓர் உயிர் இருக்கிறது என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. பூனைக்குட்டி தன் பங்கைச் செய்கிறது. மக்களின் பங்கை அது செய்ய இயலாது. ஆகவே, அவர் அறியாமல், மக்கள் இருவருக்கும் நாம் ஒரு மடல் எழுதியுள்ளோம். அடுத்த விடுப்புக்கு அவர்கள் எங்கே செல்லவேண்டும் என்பதே அதில் எழுதிய செய்தி.