சூலியா தெருவில் தொலைந்த நாற்பது நிமிடம்

பினாங்கில் சூலியா தெருவைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களை அந்தக் காலத்தில் சூலியர் என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரில்தான் இந்தத் தெரு. கிங் தெருவோடு சேரும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. கொஞ்சம் தள்ளி 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு தெருவில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகிவிட்டன. பழைய ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

அந்தக் குறைந்துபோன ஆட்களில் ஒருவரைப் படம் பிடிக்கத்தான் நான் அங்கே போனேன். அப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் கடைசி வருடம். வகுப்பு முடிந்தால் நண்பர்களோடு குறும்படம், ஆவணப்படம் என்று சுற்றுவேன். தாத்தா இளவயதில் சினிமாக் கொட்டகையில் வேலை செய்தவர். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகளில் ஓட்டுவார்களாம். இங்கே ஓடி முடிந்த ரீலைப் பெட்டியில் போட்டு, சைக்கிளில் கட்டி, அடுத்த கொட்டகைக்கு மிதிக்க வேண்டும். டயர் பஞ்சரானால் அங்கே திரை வெள்ளையாக நிற்கும். ஜனங்கள் விசில் அடிப்பார்கள். இதையெல்லாம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொன்னார். ஒரு இடத்தில் எழுந்து நின்று, கையால் மணி அடித்துக் காட்டினார்.

முடிந்ததும் கேட்டார்: "தம்பி, எல்லாம் பதிஞ்சிருச்சா?"

"பதிஞ்சிருச்சு தாத்தா."

பதியவில்லை. இரவு வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தேன். பதினொரு கோப்புகள் இருந்தன. பெயர் சரி, அளவு சரி. முதல் மூன்றுதான் திறந்தன. மீதி எட்டுக்கும் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பூஜ்யங்கள். நாற்பது நிமிடம் போச்சு.

அந்த மெமரி கார்டை விலை மலிவென்று ஒரு கடையில் வாங்கியிருந்தேன். மேலே 128 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. சோதித்ததில் உள்ளே இருந்தது 16 ஜிபிகூட இல்லை. இந்த மாதிரிப் போலி கார்டுகளில் கட்டுப்படுத்தும் சிப்பையே பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கேமரா கேட்டால் "128 இருக்கு" என்று சொல்லும். இடம் தீர்ந்த பிறகும் வருவதையெல்லாம் வாங்கிக்கொள்வதுபோல் தலையாட்டும், எங்கேயும் வைக்காது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 1972லேயே இன்டெல் வந்து இறங்கிய தீவு இது. பாயான் லெப்பாஸில் சிப்களைச் சோதிப்பதுதான் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. அப்படிப்பட்ட ஊரில், அதே படிப்பைப் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு கார்டைச் சோதிக்காமல் கேமராவில் போட்டேன். அந்த வெட்கத்தில்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சினிமா எதன்மேல் பதிவாகிறதோ அதை நம்ப முடியாது என்பது சினிமாவின் வயதுக்கு ஈடான பழைய கவலை. முதல் அரை நூற்றாண்டுப் படங்கள் நைட்ரேட் சுருளில் எடுக்கப்பட்டவை. படம் பளபளவென்று வரும். ஆனால் பற்றினால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரிய வேண்டிய ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும். 1950களின் தொடக்கத்தில் நைட்ரேட்டைக் கைவிட்டு, எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் சுருளுக்கு மாறினார்கள். அதற்கு வேறு நோய். சூடும் ஈரமும் சேர்ந்தால் காடி வாடை அடித்துச் சுருங்கிவிடும். நம்ம ஊர்களில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்ன குறை?

தமிழின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931 அக்டோபரில் சென்னையில் வெளியான முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. அதே ஆண்டு வந்த இந்திப் பேசும்படம் 'ஆலம் ஆரா'வும் இல்லை. சில படங்கள் தீயில் போயின, சில மக்கிப் போயின, சிலவற்றை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். படச்சுருளில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்துக்கு அந்த வெள்ளியின் விலைதான் மிச்சம் என்று வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள். புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கி, பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேர்க்க ஆரம்பித்தபோது பாதிக் கதை முடிந்துவிட்டிருந்தது. அப்படிச் சேர்த்த நைட்ரேட் சுருள்களிலும் பல 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீவிபத்தில் எரிந்தன.

ஆனால் ஒரு படம் பிழைத்தது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1933இல் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா'. நாவலின் உரிமை தங்களிடம் இருக்கிறது என்று திருவனந்தபுரத்தின் கமலாலயம் புத்தக நிறுவனம் வழக்குப் போட்டதால் படம் முடங்கியது. பிரிண்ட் அந்தப் புத்தகக் கடைக்காரர்களிடமே கிடந்தது. 1974இல் அதை ஆவணக் காப்பகம் வாங்கிக்கொண்டது. ஓடிய படங்களெல்லாம் தேய்ந்து அழிய, ஓடாமல் புத்தகங்களோடு கிடந்த படம் மிஞ்சியது. சூலியா தெருவில் பழைய புத்தகக் கடை எதைக் கடந்தாலும் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் மாறும் என்றார்கள். தமிழில் 2005இல் கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டலில் வந்தது. 2009இல் 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டன. 2007இல் சந்தைக்கு வந்த அந்தக் கேமரா, போட்டோக்காரர்கள் பயன்படுத்திய காம்பாக்ட் பிளாஷ் கார்டிலும் ஹார்டு டிஸ்க்கிலும் பதிவு செய்தது. டேப்பை விடாமல் பிடித்திருந்த பெரிய ஸ்டூடியோக்களையும் 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கமும் சுனாமியும் அசைத்தன. சென்டாய் பக்கத்தில் இருந்த சோனியின் டேப் ஆலை பாதிக்கப்பட, உயர்தர டேப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. பலர் அவசர அவசரமாகக் கார்டுக்கும் கோப்புக்கும் தாவினார்கள்.

கார்டுக்குள் இருப்பது பிளாஷ் நினைவகம். தோஷிபாவில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைக்கும் வேலை. ஓர் அறையில் ஒரு பிட் வைத்தால் வேகமாக எழுதலாம், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் விலை அதிகம். விலையைக் குறைக்க மூன்று பிட், நான்கு பிட் என்று திணித்தார்கள். மலிவான எஸ்எஸ்டிகள் முதலில் ஒரு சிறு பகுதியில் வேகமாக எழுதிக் காட்டும். அது நிரம்பியதும் வேகம் சரியும். அட்டையில் அச்சிட்ட "அதிகபட்ச வேகம்" அந்த முதல் சில நொடிகளின் வேகம்தான். கேமராவுக்கு வேண்டியது குறையாத வேகம். எஸ்டி கார்டில் வி30, வி60, வி90 என்று போட்டிருப்பது அதற்குத்தான்: விநாடிக்குக் குறைந்தபட்சம் 30, 60, 90 மெகாபைட் எழுதும் என்ற உறுதி.

இப்போது நான் செய்வது எளிமையானது. என் கேமராவைத் தயாரித்தவர்கள் சோதித்து வெளியிட்ட பட்டியலில் இருக்கும் கார்டை மட்டும் வாங்குகிறேன். வாங்கியதும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கிறேன். ஒரே பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு சிறிய கார்டுகள். படப்பிடிப்பு முடிந்ததும் இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, நகலும் மூலமும் ஒன்றுதானா என்று செக்சம் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறேன். மூன்றாவது நகல் வேறு வீட்டில்.

இதெல்லாம் பதிவு செய்யும் நாளுக்கு. வைத்துக் காப்பது இன்னும் கடினம். 4கே மூலப் படம் ஒன்றை டிஜிட்டலாகப் பாதுகாக்க வருடத்துக்கு 12,514 டாலர், படச்சுருளாக வைக்க 1,059 டாலர் என்று 2007இல் ஆஸ்கர் அகாடமியின் ஓர் அறிக்கை கணக்குப் போட்டது. விலைகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன. ஆனால் காரணம் மாறவில்லை. படச்சுருளைக் குளிர்ந்த அறையில் வைத்து மறந்துவிடலாம். கோப்பை மறக்க முடியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது அதை எடுத்து, திறந்து பார்த்து, புதிய சாதனத்துக்கு மாற்ற வேண்டும்.

தாத்தாவிடம் திரும்பப் போக எனக்கு மூன்று வாரம் ஆனது. நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. "அதான் அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்றவர், மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். சைக்கிள் வந்தது, ரீல் பெட்டி வந்தது. எழுந்து நிற்கவில்லை, மணி அடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு அடிக்க வைத்தால் அது வேறு மணி.

கிளம்பும்போது, "இது எத்தனை வருஷம் இருக்கும்?" என்றார்.

"நான் பார்த்துக்கிற வரைக்கும் இருக்கும் தாத்தா" என்றேன். வருடத்தில் ஒருமுறை, சீனப் பெருநாள் விடுமுறையில், டிஸ்க்குகளை எடுத்து அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் முழுதாக ஓட்டிப் பார்க்கிறேன். கூடவே முதல் நாளில் மிஞ்சிய அந்த மூன்று கோப்புகளையும். அவற்றில் தாத்தா இன்னும் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருக்கிறார். எழுந்து நிற்கும் இடம் வரும் முன்பே கோப்பு முடிந்துவிடுகிறது.