பொம்மைக்குள் அடங்காத சுல்தான்



சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் உருவப் பொம்மை ஒன்றை, நம் மத்ரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை அண்மையில் நம்மிடம் கொண்டு வந்தார். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய அன்பளிப்பு அது. மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவில், சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில், வயது வந்தோர் வாங்கிச் சேகரித்து அலமாரியில் நிறுத்துவதற்காகவே தயாரிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். இது வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறதா? இதை வீட்டில் வைக்கலாமா? இந்தக் கேள்விகள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால், விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் பொம்மையைப் பார்ப்போம். மார்பை முழுவதும் மூடும் தங்க நிறத் தகட்டுக் கவசம். அதன் நடுவே சிறகு விரித்த கழுகு. கையில் பிறை போல் நன்கு வளைந்த வாள். திரண்ட தோள்கள், முப்பது வயது மதிக்கத்தக்க முகம், சினந்த கண்கள். தையலும் வண்ணமும் நேர்த்தியானவை. கைவினை என்ற அளவில் குறை சொல்ல இயலாது. ஆனால் ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி வரும் உருவத்தை அந்த மனிதரின் வரலாற்றைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

அதற்கு நம்மிடம் நல்ல அளவுகோல்கள் உள்ளன. சுல்தானின் படையில் காழியாகப் பணியாற்றி, 1188 முதல் அவருடைய இறுதி நாள்வரை உடனிருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அவருடைய எழுத்தராக இருந்த இமாதுத்தீன் அல்இஸ்ஃபஹானியின் நூல்கள் இருக்கின்றன. மோசூலைச் சேர்ந்த இப்னுல் அதீரின் பெருநூலும் இருக்கிறது. இவர் ஸங்கி வம்சத்தின்பால் சாய்வு கொண்டவர். சுல்தானைக் கடுமையாக விமர்சித்த இடங்களும் அதில் உண்டு. புகழ்ந்தவர், உடனிருந்தவர், குறை கண்டவர் ஆகிய மூவரும் ஒருசேரச் சொல்லும் செய்தி வலுவானது.

கவசமும் வாளும்

உடல் முழுவதையும் தகடுகளால் மூடும் கவசம் ஐரோப்பாவில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த ஒன்று. ஸலாஹுத்தீனின் காலம் 12-ஆம் நூற்றாண்டு. அன்றைய ஷாமிலும் மிஸ்ரிலும் அமீர்கள் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்த சட்டையும், சிறு தகடுகளை வரிசையாகக் கட்டிய மேற்கவசமும்தான். இவற்றோடு ‘கஸாகந்த்’ என்றொரு உடையும் இருந்தது. வெளியே பார்த்தால் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி. உள்ளே வளையக் கவசம். ஷைஸர் கோட்டையின் குடும்பத்தில் பிறந்து, முதுமையில் ஸலாஹுத்தீனின் ஆதரவில் திமிஷ்கில் வாழ்ந்து 1188-இல் மறைந்த உஸாமா இப்னு முன்கித் தம் நினைவுக் குறிப்புகளில் இந்த உடையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்த உடைதான் சுல்தானின் உயிரைக் காத்தது. 1176-இல் அஃஸாஸ் கோட்டையை அவர் முற்றுகையிட்டிருந்தபோது, ஹஷாஷீன்கள் அவருடைய வீரர்கள்போல் வேடமிட்டுப் பாசறைக்குள் புகுந்து கத்தியால் தாக்கினர். தலையில் விழுந்த வெட்டை, தொப்பிக்குள் மறைந்திருந்த இரும்பு வளையங்கள் தடுத்தன. கழுத்தில் விழுந்த வெட்டுகளை கஸாகந்தின் கழுத்துப்பட்டி தாங்கியது. மின்னும் தங்கத் தகடு அவரைக் காக்கவில்லை. துணிக்குள் மறைந்திருந்த, பார்வைக்கு எளிய இரும்பே அல்லாஹ்வின் நாட்டத்தால் காத்தது. பொம்மையைச் செய்தவர் இந்த உண்மையை அறிந்திருந்தால் இன்னும் அழகான உருவம் ஒன்றைச் செய்திருக்கலாம்.

வாளின் கதை வேறு. வளைந்த வாள் அக்காலத் துருக்கியக் குதிரை வீரர்களுக்குப் புதியதன்று. ஆயினும் அந்நாளைய ஷாமில் பெருவழக்காக இருந்தது நேரான வாள்தான். பிறைபோல் வெகுவாக வளைந்த வாள் பிற்காலத்தது. அப்படியிருந்தும் எல்லாப் பொம்மைகளிலும் சுல்தான் கையில் அந்த வாளே ஏன் இருக்கிறது? 1825-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட் ‘தி டாலிஸ்மன்’ என்றொரு நாவலை வெளியிட்டார். அதில் மன்னர் ரிச்சர்ட் இரும்புத் தண்டை ஒரே வெட்டில் துண்டாக்க, ஸலாஹுத்தீன் தம் வளைந்த வாளால் பட்டுத் தலையணையை ஓசையின்றி அறுத்துக் காட்டுவார். உண்மையில் அவ்விருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. தூதர்கள் வழியாகவே பேசினர். நாவலாசிரியரின் கற்பனை ஓவியங்களுக்கும் திரைக்கும் சென்று, இன்று பொம்மையின் கையில் வந்து நிற்கிறது.

மார்பிலுள்ள கழுகையும் பார்ப்போம். 1176-இல் சுல்தான் கட்டத் தொடங்கிய கெய்ரோ கோட்டையின் மதிலில் கழுகுச் சிற்பம் ஒன்று உண்டு. இன்று அதன் தலைப்பகுதி சிதைந்துள்ளது. 1952 புரட்சிக்குப் பின் எகிப்து அரசு ‘ஸலாஹுத்தீனின் கழுகு’ என்று அதைத் தன் சின்னமாக ஏற்றது; பிற அரபு நாடுகள் சிலவும் பின்பற்றின. ஆனால் அச்சிற்பம் சுல்தானின் சொந்தச் சின்னம்தான் என்பதை ஆய்வாளர்கள் பலர் உறுதிப்படுத்தப்பட்டதாகக் கருதவில்லை. அய்யூபிகளோடு உறுதியாக இணைத்துச் சொல்லத்தக்கது மஞ்சள் நிறக் கொடி. பொம்மையில் அந்த மஞ்சள் எங்கும் இல்லை.

முகமும் உடலும்

சுல்தானின் முகம் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் நம்பத்தகுந்த உருவப்படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எந்தச் சிற்பியும் தம் காலத்து முகம் ஒன்றையே அவருக்கு அளிக்கிறார். 1963-இல் யூசுஃப் ஷாஹீன் இயக்கிய எகிப்தியப் படத்தில் அஹ்மத் மள்ஹரின் முகம். 2005-இல் வந்த ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ படத்தில் ஸிரிய நடிகர் கஸ்ஸான் மஸ்வூதின் முகம். திமிஷ்க் கோட்டையின் முன், அவர் மறைந்து 800 ஆண்டுகள் நிறைவடைந்த 1993-இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையிலும் இருப்பது சிற்பியின் கற்பனை முகமே.

உடலைப் பற்றி நமக்குச் செய்தி உண்டு. ஆனால் அது பொம்மைக்கு நேர்மாறானது. ஹத்தீன் போர் நடந்த 1187-இல் அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. அதற்கு முந்தைய ஆண்டுதான், பிழைப்பாரா என்று சுற்றத்தார் அஞ்சும் அளவுக்கு நோயுற்று எழுந்திருந்தார். அக்கா நகரப் போர்க்களத்தில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை கொப்புளங்கள் பரவி, உட்கார இயலாமல் ஒருக்களித்துப் படுத்தே இருந்தார் என்று இப்னு ஷத்தாத் கண்ணால் கண்டு எழுதுகிறார். அந்த நிலையிலும் காலையிலிருந்து லுஹர்வரையும், அஸரிலிருந்து மஃரிப்வரையும் குதிரை மீதிருந்து படை அணிகளைச் சுற்றி வந்தார். குதிரையில் ஏறினால் வலி மறைகிறது, இறங்கினால் திரும்புகிறது என்று அவர் சொன்னதாகவும் பதிந்துள்ளார். திரண்ட தோள்களால் அல்ல, பொறுமையால் நின்ற உடல் அது.

அச்சில் வார்க்க இயலாதவை

ஹிஜ்ரி 583 ரஜப் 27, அதாவது 1187 அக்டோபர் 2-இல் பைத்துல் முகத்தஸ் சுல்தானின் வசமானது. 1099-இல் சிலுவைப் போராளிகள் அந்நகருக்குள் நுழைந்தபோது நிகழ்ந்த படுகொலையை மக்கள் மறந்திருக்கவில்லை. ஆனாலும் பழிக்குப் பழி நிகழவில்லை. ஆண்களுக்கு 10 தீனார், பெண்களுக்கு 5 தீனார், குழந்தைகளுக்கு அதனினும் குறைவு என மீட்புத் தொகை வகுக்கப்பட்டு, நாற்பது நாள் தவணையும் தரப்பட்டது. அவருடைய சகோதரர் அல்ஆதில் ஏழைகள் ஆயிரம் பேரைக் கேட்டுப் பெற்று அல்லாஹ்வுக்காக விடுவித்தார். சுல்தானும் முதியோர் பலரைத் தொகையின்றி அனுப்பினார்.

முழு உண்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். பணம் கட்ட இயலாத பல ஆயிரம் பேர் அடிமைகளாயினர். ஹத்தீனுக்குப் பின், கைதான டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்கள் அவர் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர் தோற்றதும் உண்டு: 1177-இல் ரம்லா அருகே நடந்த போரில் படை சிதறி உயிர் தப்பினார், 1191-இல் அக்காவை இழந்தார், அதே ஆண்டு அர்ஸூஃபிலும் பின்வாங்கினார். அவர் நபி அல்லர், பாவமற்றவரும் அல்லர். தன் காலத்துப் போர் வழக்குக்குள் வாழ்ந்து, பல வேளைகளில் அவ்வழக்கைவிட உயர்ந்து நின்ற ஓர் அடியார். தோல்வியே காணாத பொம்மையாக அவரைச் செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இப்னு ஷத்தாத் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைப் பிள்ளைகளுக்கு நாம் தவறாமல் சொல்வதுண்டு. எதிரிப் பாசறையிலிருந்து மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று இரவில் திருடப்பட்டு விற்கப்பட்டது. தாய் அழுதபடி சுல்தானிடம் வந்தாள். அவருடைய கண்கள் கலங்கின. குழந்தை சந்தையில் விற்கப்பட்டுவிட்டது என்று அறிந்ததும், வாங்கியவருக்கு விலையைக் கொடுத்து மீட்டுவரச் சொன்னார். குழந்தை தாயின் மடிக்கு வரும்வரை அவ்விடத்தை விட்டு நகரவில்லை. பிறகு அவளைக் குதிரையில் ஏற்றி அவளுடைய பாசறைக்கே அனுப்பிவைத்தார். அந்தக் கலங்கிய கண்களை எந்த அச்சில் வார்க்க முடியும்?

1193 மார்ச் 4-இல் திமிஷ்கில் அவர் மறைந்தபோது, மிஸ்ரையும் ஷாமையும் ஆண்டவரின் கருவூலத்தில் இருந்தவை 47 திர்ஹமும் ஒரே ஒரு தங்க நாணயமும். ஜகாத் கடமையாகும் அளவுக்குச் செல்வம் அவர் கையில் ஒருபோதும் தங்கியதில்லை. ஹஜ் செய்யும் விருப்பமும் நிறைவேறாமலே போயிற்று. அவருடைய அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

உமையா பள்ளிவாசலின் அருகே உள்ள அவருடைய அடக்கத்தலத்தில் இன்று இரண்டு கல்லறைப் பேழைகள் உள்ளன. ஒன்று பழைய மரப் பேழை. மற்றொன்று வேலைப்பாடு மிக்க பளிங்குப் பேழை. 1898-இல் அங்கு வந்த ஜெர்மனிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் அன்பளிப்பு. பளிங்குப் பேழை வெறுமையானது. சுல்தான் அடங்கியிருப்பது மரப் பேழையின் இடத்தில். பேரரசர் சூட்டிய வெண்கல மாலையும் முதல் உலகப் போரின் முடிவில் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டு லண்டன் அருங்காட்சியகம் ஒன்றைச் சேர்ந்துவிட்டது. மாலை போனதால் சுல்தானுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

வீட்டில் வைக்கலாமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததையும் புகாரி முதலிய நூல்களில் காண்கிறோம். அவர்களுடைய விளையாட்டுப் பொருள்களில் துணியாலான சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததையும், அதுபற்றி அவர்கள் தந்த விடையைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்கிறார். இவற்றின் அடிப்படையில் சிறுவர்களின் விளையாட்டுப் பொம்மைகளை அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்தனர். அதே அன்னையின் வீட்டில் உருவங்கள் கொண்ட திரை தொங்கவிடப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், பிறகு அத்துணி தலையணையாக்கப்பட்டதும் ஹதீஸ்களில் உள்ளன. கண்ணியப்படுத்தி நிறுத்திவைக்கப்படும் முழு உருவச் சிலையை மார்க்க அறிஞர்கள் தடுத்தே வந்துள்ளனர்.

ஆகவே நாம் அந்தத் தந்தைக்குச் சொன்னது இது: விலை உயர்ந்தது என்பதற்காகக் கண்ணாடி அலமாரியில், விளக்கொளியில், கைபடாமல் நிறுத்திவைத்தால் அது பொம்மை என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. பிள்ளையின் கையில் கொடுங்கள்; விளையாடட்டும், அழுக்காகட்டும், உடைந்தாலும் உடையட்டும். விளையாடும்போது அருகில் அமர்ந்து, இந்த வாள் ஏன் இப்படி வளைந்திருக்கிறது, இந்தக் கவசம் எந்தக் காலத்தது என்று கேளுங்கள். மூன்று மாதக் குழந்தையின் கதையையும் 47 திர்ஹமின் கதையையும் சொல்லுங்கள்.

பொம்மை என்ற அளவில் அது நல்ல வேலைப்பாடு. வரலாறு என்ற அளவில் கவசத்திலும் வாளிலும் பிழையானது, கழுகு ஐயத்துக்குரியது, முகமோ கற்பனை. இதை மறுத்து எழுதத் தொழிற்சாலை எதுவும் முன்வராது. பெற்றோரும் ஆசிரியர்களுமாகிய நாம்தான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். சினந்த முகத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளை, வீரம் என்றால் சினம் என்றே எண்ணிக்கொள்வான். எதிரியின் குழந்தைக்காகக் கலங்கியவர்தான் பைத்துல் முகத்தஸை மீட்டார் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் சுல்தானின் பிழைகளை மன்னித்து, அவருடைய நற்செயல்களை ஏற்று, நம் பிள்ளைகளுக்கு அவருடைய நீதியையும் பொறுமையையும் இரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.